சேங்கொட்டைக் கறை

மூன்று தேர்தலுக்கு வரிசையில் நின்றவள் மாடத்தி. மூன்றிலும் ஓட்டுப் போடாமலே திரும்பி வந்தவளும் அவள்தான்.

அறுபத்தேழில் பட்டியலில் அவள் பெயர் இல்லை. எழுபத்தொன்றில் இருந்தது, ஆனால் 'சுடலைமுத்துவின் பெண்சாதி' என்று மட்டும் இருந்தது. பெயரில்லாத ஆளுக்கு எப்படிச் சீட்டுக் கொடுப்பது என்று கேட்டார்கள். அந்தப் பெயரை எழுத வைக்க அவள் தாலுகா ஆபீஸுக்கு ஐந்து நாள் நடந்தாள். எழுபத்தேழில் பெயரும் இருந்தது, வீட்டு நம்பரும் இருந்தது. அந்த முறை விரல் காலை வாரியது. இடது கை ஆள்காட்டி விரலை நீட்டச் சொன்னார்கள். நீட்டினாள். கறுத்துக் கிடந்தது. ஏற்கெனவே மை வைத்த விரலுக்குச் சீட்டுக் கிடையாது என்று ஒரே வரியில் சொல்லி வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அது தேர்தல் மையல்ல, சேங்கொட்டைப் பால். மலையாள நாட்டு மட்டாஞ்சேரியில் நூறு வீட்டுத் துணி ஒரே கல்லில் அடிபடுகிறது. எது யாருடையது என்று தெரிய வேண்டாமா? அதற்காகப் புதுத்துணி எது வந்தாலும் ஓரத்தில் வீட்டுக்கொரு குறி போட்டுவிடுவார்கள். இந்த வீட்டுக்கு மூன்று புள்ளி, அந்த வீட்டுக்குப் பெருக்கல் குறி. சேங்கொட்டையை இடது கை விரல்களில் பிடித்து, வலது கை ஊசியால் குத்தி, வருகிற பாலைத் துணியில் இழுக்க வேண்டும். இழுக்கும்போது வெளிறிய பழுப்பாகத்தான் இருக்கும். ராத்திரி போய் விடியும்போது கறுத்துவிடும். அதற்குப் பிறகு துணி கிழிந்தாலும் குறி போகாது. விரலில் பட்டாலும் அதே கதைதான். மாடத்தி இருந்த சந்தில் ஒன்பது தமிழ் வண்ணார் வீடுகள். குறி போடுவது பெண்கள் வேலை. ஒன்பது பெண்களுக்கும் இடது விரல் கறுப்பு. எழுபத்தேழில் ஒன்பது பேரும் வரிசையாகத் திரும்பி வந்தார்கள். துணி அடித்துக் கை காய்த்துப்போன ஆண்கள் மட்டும் சுத்தமான விரலோடு போய் ஓட்டுப் போட்டுவிட்டு சாயா குடித்தார்கள்.

அன்றைக்கு வந்த எரிச்சல் மூன்று வருஷமாக அவளுக்குள் அணையவே இல்லை. எண்பது ஜனவரியில் மறுபடியும் பார்லிமெண்ட் தேர்தல் என்று தெரிந்ததும் சந்தின் நடுவில் நின்று சொல்லிவிட்டாள்.

"கிறிஸ்மஸ் கழிஞ்சதும் ஒருத்தியும் கொட்டையத் தொடப்பிடாது. புதுத்துணி எவன் கொண்டாந்தாலும் ஓட்டு முடியட்டும்னு சொல்லிருங்க. இந்தத் தவணை ஒம்பது பேரும் போடுதோம்."

எல்லாரும் கேட்டார்கள். ஐந்தாம் கிளாஸ் வரை மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்த பக்கத்து வீட்டுப் பேச்சி பட்டியலை வாங்கிப் பார்த்து, ஒன்பது பெயரும் சரியாக இருக்கிறது என்று வாசித்துச் சொன்னாள். மாடத்தி தினமும் விரலைத் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தாள். பழைய கறை தோலோடு உரிந்து, தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு விரல் பிள்ளை விரல் போல வெளுத்துவிட்டது. அதைப் புருஷனிடம் காட்டிச் சிரிக்கக்கூடச் செய்தாள்.

தேர்தலுக்கு முந்தின நாள் மத்தியானம் நாணு வந்தான்.

நாணு லாட்ஜ் ஒன்றை எடுத்து நடத்துகிறவன். அந்த லாட்ஜின் விரிப்பும் தலையணை உறையும்தான் சந்தில் பாதிப் பேருக்குச் சோறு. கட்சிக்காரனும்கூட. தேர்தல் வந்தால் பூத்துக்குள் ஏஜெண்டாக உட்காருவான். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, இரண்டிலும் மாடத்தி போட்ட கஞ்சி. எழுபத்தேழில் இந்த ஒன்பது பேரும் திரும்பிப் போனதை உள்ளே உட்கார்ந்து பார்த்தவன் அவன்தான். அது மாடத்திக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

கைவண்டியில் அறுபது புது விரிப்பு, அறுபது புது உறை.

"மாடத்தி, இது பயங்கர அர்ஜண்டாணு. நாளைக்கு சாயங்காலம் ஒரு கல்யாண பார்ட்டி வருது. காலையிலே ஆகும்போ குறி போட்டுக் கிடைக்கணும்."

"நாளைக்கழிச்சுத் தாரேன் சேட்டா. ஓட்டு முடியட்டும்."

"ஓட்டுக்கும் துணிக்கும் எந்தா சம்மந்தம்? பற்றில்லெங்கில், முடியாதுன்னு சொல்லு. எர்ணாகுளத்தில் லாண்டறி உண்டு. மொத்தமும் அங்கே கொடுத்திரலாம்."

மொத்தமும் என்ற சொல்லில் சுடலைமுத்து எழுந்து நின்றுவிட்டான். அவள் புருஷன் நல்ல மனிதன், ஆனால் வாடிக்கைக்காரன் குரல் கொஞ்சம் உயர்ந்தால் முதுகு தானாக வளைந்துவிடும். வண்டியிலிருந்து மூட்டைகளை அவனே இறக்கினான். ஒன்பது வீட்டுக்கும் பிரித்துக் கொடுத்தான். வயிறு என்று ஒன்று இருக்கிறதே, ஒருத்தியும் மறுக்கவில்லை.

மாடத்தி அப்போதும் ஒரு யோசனை செய்தாள். கைகளை மாற்றிக்கொண்டால் என்ன? கொட்டை வலது கையில், ஊசி இடது கையில். வலது விரல் கறுத்தால் யார் கேட்கப் போகிறார்கள்? மற்றவர்களுக்கும் சொல்லி அனுப்பினாள். ஆனால் பதினைந்து வருஷம் பழகிய கை சொன்ன பேச்சைக் கேட்குமா? இடது கையில் ஊசி நடுங்கியது. குத்த வேண்டிய இடத்தைவிட ஆழமாகக் குத்தியது. கொட்டைப் பால் ஊசி வழியாகவே ஓடி வந்து, ஊசியைப் பிடித்திருந்த ஆள்காட்டி விரலிலேயே இறங்கியது. உடனே துடைத்தாள். வெளிறிய பழுப்புத்தானே, போய்விடும் என்று தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டாள்.

விடிந்தபோது நகத்தைச் சுற்றிக் கறுப்பு. புளி போட்டாள், எண்ணெய் போட்டாள், கருங்கல்லில் தேய்த்தாள். தோல் சிவந்தது, கறுப்பு அசையவில்லை. ஊர் அழுக்கையெல்லாம் எடுக்கிறவளுக்குத் தன் விரலில் ஒரு பொட்டு எடுக்கத் தெரியவில்லை. கல்லை ஓங்கித் தரையில் அடித்தாள்.

"இந்தாரும், அந்தத் துணிய எறக்கினீரே, இப்பப் பாரும்" என்று விரலைப் புருஷன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"விட்டுத்தள்ளு. ஒரு ஓட்டுலயா ராஜாங்கம் மாறப் போவுது?"

"எனக்கு ராஜாங்கம் மாறவேண்டாம்வே. என் கையால ஒரு தவணை போடணும். அம்புட்டுத்தான்."

முடிந்துவைத்த வெற்றிலையோடு ஒரு சேங்கொட்டையையும் ஊசியையும் முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்பினாள். கேட்டால் காட்டுவோம் என்று நினைத்தாள். பேச்சியும் மற்ற ஏழு பேரும் பின்னால் வந்தார்கள். ஒருத்தி விரலும் வெளுப்பாக இல்லை.

பள்ளிக்கூடத்தில் பூத். மிளகு மூட்டை சுமக்கிறவர்களும் மீன்காரிகளும் நிறைந்த வரிசையில் ஒரு மணி நேரம் நின்றாள். உள்ளே பெஞ்சில் மூன்று ஏஜெண்டுகள். நடுவில் நாணு, கழுத்துவரை பட்டன் போட்ட வெள்ளைச் சட்டையில். எதிரே மேஜைக்குப் பின்னால் தலைமை அதிகாரி வெங்கடேஸ்வரன், திருப்பூணித்துறையிலிருந்து வந்த பள்ளிக்கூட வாத்தியார். முந்தின நாளே பெட்டியோடு வந்து பெஞ்சில் படுத்த களைப்பு முகத்தில் இருந்தது.

பட்டியல் வைத்திருந்த குமாஸ்தா அவள் பெயரை வாசித்தான். பிறகு பென்சிலை நிறுத்தினான்.

"இது ஆள்ரெடி போட்டாச்சல்லோ."

"யார் போட்டாச்சு? நான் இப்பத்தான வாரேன்!"

"பேருக்கு அடியில் கோடு இருக்கு. கை காட்டு."

அவள் நீட்டினாள். அறையில் ஒரு சிரிப்பு எழுந்தது. வெங்கடேஸ்வரன் சிரிக்கவில்லை, கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டார்.

"சாரே, இவள் ஒரு தடவை செய்து போயதாணு. என் கண்ணு கொண்டு கண்டதாணு" என்றான் நாணு, பீடிப் புகை விடுகிற சாவகாசத்தோடு.

"ரெண்டாம் தவணை வந்தால் ஆள்மாறாட்டம்னு கேஸ் ஆகும், அறியுமா?" என்றார் அதிகாரி. "பேரிலும் கோடு, விரலிலும் மை. போயிடு. போலீஸைக் கூப்பிட வைக்காதே."

வாசலில் நின்ற போலீஸ்காரன் தன்னைக் கூப்பிட்டதாக நினைத்து உள்ளே ஓர் அடி வைத்தான்.

மாடத்திக்குக் காது இரண்டும் சூடேறியது. திருடியைப் பார்ப்பதுபோல எல்லாரும் பார்த்தார்கள். முந்தானையை அவிழ்த்துக் கொட்டையை எடுத்தாள். மேஜைமேல் கிடந்த மை ஒற்றும் தாளில் ஊசியால் ஒரு கோடு இழுத்தாள்.

"இதான் என் விரல்ல இருக்கது. பாரும்."

தாளில் விழுந்தது வெளிறிய பழுப்பு. கஞ்சித் தண்ணீர் சொட்டின மாதிரி இருந்தது.

"இது எங்கே, அது எங்கே? அது கறுப்பு அல்லே?" என்று குமாஸ்தா கெக்கலித்தான்.

நாளைக்குக் கறுக்கும் என்று சொன்னால் இன்றைக்கு யார் நம்புவார்கள்? அவள் சுற்றிலும் பார்த்தாள். கண் நாணுவின் கழுத்தில் நின்றது. நேராக பெஞ்சுக்குப் போனாள். அவன் என்ன ஏது என்று கேட்பதற்குள் காலரைப் பிடித்துத் திருப்பிவிட்டாள். மேல் பட்டன் தெறித்துத் தரையில் ஓடியது.

"இங்க பாரும் சாரே! ரெண்டு புள்ளி, ஒரு பெருக்கல். இது நாணு வீட்டுக் குறி. நான் போட்டது. இதே கொட்டை, இதே கை. இந்தக் கறுப்பும் என் விரல்ல உள்ள கறுப்பும் ஒண்ணா இல்லையா, வாய் தொறந்து சொல்லும்!"

வெங்கடேஸ்வரன் எழுந்து வந்தார். காலரைப் பார்த்தார், விரலைப் பார்த்தார். பிறகு அவரை அறியாமலே அவர் கை தன் சட்டைக் காலரைத் தடவியது. திருப்பூணித்துறையிலும் வண்ணாத்திகள் இருக்கிறார்கள்.

நாணு தலைகுனிந்து பட்டனைத் தேடினான். அந்தக் குனிந்த தலையைப் பார்த்தபோதுதான் மாடத்திக்கு எல்லாம் விளங்கியது. கல்யாண பார்ட்டியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. போன தேர்தலில் ஒன்பது பேர் விரலுக்காகத் திரும்பியதைப் பார்த்து வைத்துக்கொண்டவன், இந்தத் தேர்தலுக்கு முந்தின நாள் அறுபது விரிப்பை வண்டியில் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறான். ஒன்பது விரலும் கறுத்தால் ஒன்பது ஓட்டும் சும்மா கிடக்கும். சும்மா கிடப்பதை எடுக்க ஆளா இல்லை?

"அடப்பாவி! எங்க கஞ்சியக் குடிச்ச சட்டையப் போட்டுக்கிட்டு எங்க வயித்துக்கே வலை வச்சியாடா! அர்ஜண்டுன்னியே, இதுக்குத்தானா?"

"மரியாதையாப் பேசு" என்றான் நாணு. குரல் தரையைப் பார்த்து வந்தது.

"ஒனக்கென்னடா மரியாதை! சாரே, என் பேர்ல போட்டவ கையெழுத்துப் போட்டாளா, கைநாட்டு வச்சாளா? எடுத்துப் பாரும்!"

சீட்டுக் கிழித்த அடிக்கட்டையில் ஓட்டுப் போடுகிறவரிடம் கையெழுத்தோ ரேகையோ வாங்குவது விதி. அதிகாரி கட்டைப் புரட்டினார். ஓரிடத்தில் நிறுத்தினார். வரிசையில் அடுத்து நின்ற பேச்சி எட்டிப் பார்த்துவிட்டாள்.

"யக்கா, மாடத்தின்னு மலையாளத்துல எழுதியிருக்கு. அச்சடிச்ச மாதிரி கையெழுத்து."

மாடத்தி தன் கட்டைவிரலை அவர் முகத்துக்கு நேரே தூக்கினாள். "எனக்கு எழுத்து ஆவன்னாகூடத் தெரியாது. ரேஷன் கார்டுலயும் நாட்டு, தாலுகா ஆபீஸ்லயும் நாட்டு. ராத்திரியோட ராத்திரியா மலையாளம் படிச்சுட்டு வந்தேனா?"

வெங்கடேஸ்வரன் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு தடித்த புத்தகத்தைப் பிரித்தார். விரலை ஓட்டி ஒரு விதியைக் கண்டுபிடித்தார். அப்போது அவர் வாயில் வீட்டுத் தமிழ் வந்துவிட்டது.

"இதுக்கு வழி இருக்கும்மா. கோவப்படாதே. வேறொருத்தர் உன் பேர்ல போட்டிருந்தா, நான் கேக்கற கேள்விக்கு நீ சரியா பதில் சொன்னா உனக்குச் சீட்டுத் தரலாம். சட்டத்துலயே இருக்கு. வீட்டு நம்பர் என்ன?"

சொன்னாள்.

"வயசு?"

"முப்பத்தி நாலு."

"ஆத்துக்காரர் பேரு?"

இது அவள் எதிர்பாராத இடம். கல்யாணமான நாளிலிருந்து புருஷன் பெயரை அவள் உச்சரித்ததில்லை. அவளுடைய ஆத்தாளும் உச்சரித்ததில்லை. யாராவது கேட்டால் பக்கத்தில் நிற்பவள் சொல்லுவாள். பேச்சி வாயைத் திறந்தாள்.

"நீ சொல்லப்படாது" என்றார் அதிகாரி. "அவதான் சொல்லணும்."

நாணு முதல் முறையாகத் தலையை நிமிர்த்தினான். அவனுக்கும் இந்தச் சந்தின் வழக்கம் தெரியும். உதட்டோரம் லேசாக விரிந்தது. அந்த உதட்டைப் பார்த்ததும் மாடத்தி அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"சுடலமுத்து! சுடலமுத்து! சுடலமுத்து! போதுமா?"

வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்த சுடலைமுத்து தன்னை யாரோ கூப்பிடுகிறார்கள் என்று ஓடி வந்து, கூப்பிட்டது யார் என்று தெரிந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

சீட்டுக் கொடுத்தார்கள். பின்புறத்தில் அதிகாரி ஏதோ எழுதினார். ஒரு தாளில் அவளுடைய கட்டைவிரல் ரேகை வாங்கினார்கள். இடது விரலின் கறுப்புக்கு மேலேயே மையும் வைத்தார்கள். மறைப்புக்குள் போய், ஆயுசில் முதல் முறையாக ரப்பர் முத்திரையைக் கையில் எடுத்தாள். தான் நினைத்த சின்னத்தின்மேல் அழுத்திக் குத்தினாள். அந்த ஒரு நிமிஷம் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. மடித்துக்கொண்டு பெட்டியை நோக்கி நடந்தாள்.

வெங்கடேஸ்வரன் குறுக்கே வந்து ஒரு பழுப்புக் கவரை நீட்டினார். "பெட்டியில போடப்படாது. இதுல போடணும்."

"ஏன்?"

"உன் பேர்ல ஒரு ஓட்டுப் பெட்டிக்குள்ள போயாச்சு. ரெண்டு விழப்படாதோன்னோ. இது தனியா சீல் வச்சு இருக்கும்."

"தனியா வச்சு எண்ணுவீகளா?"

அவர் கவரின் மடிப்பை நீவினார். "எண்ண மாட்டா. யாராவது ஹைகோர்ட்ல கேஸ் போட்டு, ஜட்ஜ் கேட்டாத்தான் பிரிப்பா."

"அந்தக் கையெழுத்துக்காரி ஓட்டு?"

"அந்தச் சீட்டைப் பெட்டியிலேர்ந்து தேடி எடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. எண்ணுவா."

"கேஸ் நான் போடலாமா?"

"போடலாம். நீயும் வோட்டர்தானே. நாப்பத்தஞ்சு நாளுக்குள்ள போடணும். ரெண்டாயிரம் ரூபா டெபாசிட் கட்டணும்."

இரண்டாயிரம்! சந்திலுள்ள ஒன்பது வீட்டுச் சட்டி பானையையும் விற்றாலும் வராது. மாடத்தி சீட்டைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"அப்போ பொய்ய எண்ணுவீக. நெசத்தக் கவர்ல போட்டுப் பூட்டி வைப்பீக. எண்ணாத ஓட்டுக்கு எதுக்குய்யா என் விரல்ல மை வச்சீரு?"

வெங்கடேஸ்வரன் தடித்த புத்தகத்தை மூடினார். "நான் என்ன பண்ணட்டும், சட்டம் இப்படித்தான் எழுதியிருக்கா" என்று முணுமுணுத்தார்.

"எழுதினவுகளுக்குத் துணி தொவைக்கக் குடுத்துப் பழக்கமில்ல போலிருக்கு."

சீட்டைக் கவருக்குள் போட்டாள். பிறகு கொட்டையை எடுத்து ஊசியால் குத்தி, அவர் தடுப்பதற்குள் கவரின் ஓரத்தில் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு புள்ளியும் இழுத்தாள். மட்டாஞ்சேரியில் எல்லா வீட்டுக்கும் குறி உண்டு, வண்ணார் வீட்டுக்கு மட்டும் கிடையாது. தன் துணி எது என்று வண்ணாத்திக்குத் தெரியாதா? தனக்கென்று அவள் போட்ட முதல் குறி அதுதான்.

"கவர்மேல எதுவும் எழுதப்படாது" என்றார் அதிகாரி.

"எங்க எழுதியிருக்கு? ஒண்ணும் தெரியலையே" என்றாள் மாடத்தி. பழுப்புக் கவரில் பழுப்புப் பால் தெரியவில்லைதான். அவர் கவரைத் திருப்பிப் பார்த்துவிட்டு மேஜைமேல் வைத்தார்.

"ஏட்டி பேச்சி! எல்லாரும் அந்தக் கவர்ச் சீட்டக் கேட்டு வாங்குங்கட்டி! ஒருத்தியும் சும்மா திரும்பப்பிடாது!"

எட்டுப் பேரும் கேட்டார்கள். எட்டுப் பேர் பெயருக்கு அடியிலும் கோடு இருந்தது. எட்டுப் பேரும் புருஷன் பெயரைச் சொன்னார்கள், ஒருத்தி அழுதுகொண்டே சொன்னாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்தக் கவர் உப்பிக் கிடந்தது. நாணு அன்று முழுவதும் கழுத்துப் பட்டன் இல்லாமல் உட்கார்ந்திருந்தான்.

முடிவு வந்த நாளில் நாணுவின் ஆள்தான் ஜெயித்தார். யூதர் தெருவான ஜூ டவுன் வழியாகச் செண்டைமேளத்தோடு ஊர்வலம் வந்தது. முன்னால் நாணு, கழுத்தில் மாலை. சந்து முனையில் மாடத்தி நிற்பதைப் பார்த்ததும் அவனுக்குப் பழைய தைரியம் திரும்பிவிட்டது.

"மாடத்தி! நின்டெ வோட்டும் ஜெயிச்சுட்டோ!"

கூட்டம் சிரித்தது. மாடத்தி வீட்டுக்குள் போனாள். திரும்பி வந்தபோது இடுப்பில் ஒரு மூட்டை இருந்தது, வாராவாரம் வருகிற நாணு வீட்டு மூட்டை. மேளத்துக்கு நடுவில் நடந்துபோய் அவன் காலடியில் அவிழ்த்துக் கொட்டினாள். வியர்வையும் அழுக்கும் அப்படியே, ஒரு சொட்டுத் தண்ணீர் படாத வெள்ளைச் சட்டைகள் தெருவில் விரிந்தன. ஒவ்வொரு காலரிலும் இரண்டு புள்ளி, ஒரு பெருக்கல்.

"என் ஓட்டு ஒன் பெட்டியில இல்லடா. என் குறியோட கவர்ல கெடக்கு, இன்னேரம் கறுத்திருக்கும். ஒன் சட்டைய எடுத்துட்டுப் போ. இனிமே மட்டாஞ்சேரியில இந்தக் குறிய எந்த வண்ணாத்தியும் தொடமாட்டா."

மேளக்காரர்கள் கோலை நிறுத்திவிட்டார்கள். சந்திலிருந்து பேச்சி ஒரு மூட்டை லாட்ஜ் விரிப்போடு வந்துகொண்டிருந்தாள், அவளுக்குப் பின்னால் மற்ற ஏழு பேரும்.